ரிமோட்டுக்குக் கட்டுப்படாத விசிறியும் விளக்கும்: ஒரு வீவக வீட்டின் நீண்டகால அனுபவம்

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டாரத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நாங்கள் குடியேறியபோது, வரவேற்பறைக் கூரை விசிறி, படுக்கையறைக் குளிர்சாதனம், பிறகு திறன்பேசியால் இயக்கும் விளக்குகள் என ஏறத்தாழ எல்லாவற்றையும் தொலைவிலிருந்து இயக்கும் வகையாகவே வாங்கினோம். பல ஆண்டுகள் புழங்கியபின் உறுதியாகச் சொல்கிறேன்: ஒரு சாதனம் பேச்சுக் கேட்காமல் போனால், கடைக்கு ஓடுவதற்கு முன்னால், கோளாறு ரிமோட்டிலா, அது அனுப்பும் சமிக்ஞையின் வழியிலா, சாதனத்திலா என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலும் பணம் மிச்சமாகும்.

குளிர்சாதனம், தொலைக்காட்சி ஆகியவற்றின் ரிமோட்டுகள் பெரும்பாலும் அகச்சிவப்பு ஒளியால் இயங்குபவை. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது; ஆனால் திறன்பேசியின் முன்பக்கக் கேமராவை ரிமோட்டின் முனைக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்தினால், பல திறன்பேசிகளில் வெளிர் ஊதா நிறத்தில் துடிப்பது திரையில் தெரியும். பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் இந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருப்பதால் அவற்றை நம்ப வேண்டாம். எந்தப் பொத்தானுக்கும் ஒளி வரவில்லையென்றால் முதலில் மின்கலத்தைப் பாருங்கள். சில பொத்தான்களுக்கு மட்டும் வரவில்லையென்றால், உள்ளிருக்கும் ரப்பர்த் தகட்டின் கரிப்பூச்சு தேய்ந்திருக்கலாம் அல்லது அதில் அழுக்குப் படிந்திருக்கலாம்.

மின்கலத்தை மாற்றினால் போதும் என்று நின்றுவிடவும் கூடாது. பழைய ஆல்கலைன் மின்கலங்கள் கசிந்து, சுருள்கம்பியில் வெள்ளையாகவும் பச்சையாகவும் ஒரு படிவு கட்டிவிடும். இங்குள்ள ஈரப்பதத்தில் அந்த உலோகம் விரைவில் அரித்துப்போகிறது. கசிவது காரத்தன்மை உள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்பதால், கையுறை அணிந்து, பஞ்சுக் குச்சியில் ஒருதுளி வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் ஒற்றி நன்றாக உலரவிட்டால் போதும். மறுமின்னூட்டு மின்கலங்கள் 1.5 வோல்ட்டுக்குப் பதிலாக 1.2 வோல்ட்டே தருவதால், சில ரிமோட்டுகள் அவற்றை ஏற்பதில்லை.

குளிர்சாதன ரிமோட்டில் பலரும் ஏமாறும் இடம் அதன் திரை. "ரிமோட்ல இருபத்துநாலுன்னு காட்டுதே தம்பி, ரூம் குளிரவே மாட்டேங்குதே" என்று என் மாமியார் ஒருநாள் கேட்டார். பெரும்பாலான ரிமோட்டுகள் ஒருவழிப் பேச்சு மட்டுமே அறிந்தவை. திரையில் தெரிவது அது அனுப்பிய கட்டளையே தவிர, குளிர்சாதனம் ஏற்றுக்கொண்ட கட்டளை அன்று. 'பீப்' ஒலி கேட்டால்தான் கட்டளை போய்ச் சேர்ந்ததாகப் பொருள். மின்கலம் மாற்றியபின் சில ரிமோட்டுகள் வேறு நிலைக்கு மாறிவிடுவதால், குளிரூட்டும் நிலையைக் காட்டும் பனித்துகள் அடையாளம் தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ரிமோட் இல்லாமலே சோதிக்க, பல உட்புற அலகுகளின் முன்மூடிக்குப் பின்னால் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்திக் குளிர்சாதனம் ஓடினால், இயந்திரத்தை விட்டுவிட்டு ரிமோட்டையும் அதன் சமிக்ஞையைப் பெறும் பகுதியையும் கவனிக்கலாம். நிறுத்தி உடனே இயக்கினால் கம்பிரசரைக் காப்பதற்காகச் சில நிமிடங்கள் தாமதிக்கும் என்பதால், அதைப் பழுதென்று எண்ண வேண்டாம்.

விசிறியின் கதை வேறு. ரேடியோ அலையால் இயங்கும் விசிறி ரிமோட்டுகளுக்குச் சுவர் தடையில்லை. அதுவே அடுக்குமாடியில் தொல்லையாகிறது. எங்கள் விசிறி நள்ளிரவில் தானாக நிற்பதும் சுழல்வதுமாக இருந்தது. மேல்வீட்டு அக்கா அதே வகை விசிறியைப் பொருத்தியிருந்தார் என்பது, இருவரும் மின்தூக்கியில் பேசியபோதுதான் தெரியவந்தது. சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டு, கையேட்டில் சொன்ன நேரத்துக்குள் இணைப்புப் பொத்தானை அழுத்திப் புதிதாக இணைத்ததும் சிக்கல் தீர்ந்தது. சில விசிறிகளில், ரிமோட்டை விசிறி அடையாளம் காணும் குறியீட்டை மாற்றும் சிறு சுவிட்சுகள் கூரை மூடிக்குள் இருக்கும். அதைத் திறப்பதென்றால் மின்சாரத்தைத் துண்டித்து, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைப்பதே சரி. விசிறியோடு சேர்ந்த எல்இடி விளக்கை மாற்றியபின் ரிமோட் தடுமாறினால், தரம் குறைந்த விளக்கின் மின்சுற்று எழுப்பும் இரைச்சலையும் சந்தேகியுங்கள்.

திறன்பேசியால் இயக்கும் விளக்குகளும் செருகிகளும் ஒரே நாளில் மொத்தமாக மௌனமாவது, பெரும்பாலும் இணையச் சேவையை மாற்றிப் புது ரூட்டர் பொருத்தும்போது நடக்கிறது. இவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை, டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறையை ஏற்காதவை. புது ரூட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்து, அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2 முறையையும் அனுமதித்தால், ஒவ்வொன்றையும் மறுபடி இணைக்கும் வேலை பெரும்பாலும் மிச்சமாகும்.

குளிர்சாதனத்துக்குப் பொது ரிமோட் மலிவாகக் கிடைக்கும். விசிறிக்கு அப்படியில்லை, அதன் ரிமோட் தயாரிப்பு நின்றுவிட்டால் விசிறியையே மாற்ற வேண்டிவரலாம். ஆகவே விசிறி வாங்கும்போதே உபரி ரிமோட் ஒன்றைக் கேட்டு வாங்கி, மின்கலம் போடாமல் அலமாரியில் வைத்துவிடுங்கள். ரிமோட் இல்லாமலும் சுவர் சுவிட்சால் குறைந்தபட்சம் சுழலும் விசிறியாகத் தேர்ந்தெடுங்கள்.