ஆலிஸா, மோலியா: மலையேற்றத்துக்கு எந்தப் பழைய ராணுவப் பை?

அமெரிக்கத் தரைப்படை 1973-ல் ஏற்றுக்கொண்ட முதுகுப்பை வகை ஆலிஸ் (ALICE). 1990-களின் இறுதியில் அதன் இடத்துக்கு வந்தது மோலி (MOLLE). பழைய ராணுவப் பொருள் கடைகளில் இரண்டுமே மலிவாகக் கிடைக்கும்.

ஆலிஸ் மீடியம் சுமார் 38 லிட்டர்; ஓரிரவுப் பயணத்துக்குப் போதும். அலுமினியச் சட்டத்தைக் கழற்றிவிட்டும் சுமக்கலாம். லார்ஜுக்குச் சட்டம் கட்டாயம். குறை இடுப்பில்தான்: பட்டை மெல்லியது, எடையை வாங்காது. 12 கிலோவைத் தாண்டினால் தோள் கடுக்கும்.

மோலி லார்ஜில் பக்கப்பைகளோடு சேர்த்து 80 லிட்டர் வரும். இடுப்புப் பட்டை தடிமனான மெத்தை வைத்தது. பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். படுத்துறங்கும் பையை (ஸ்லீப்பிங் பேக்) அடிப்பக்க ஜிப் வழியாகத் தனியே எடுக்கலாம். ஆனால் காலிப் பையே கனம். சட்டம் பிளாஸ்டிக், ஆரம்பகாலத் தயாரிப்புகள் விரிசலுக்குப் பேர்போனவை.

வாங்கும்போது ஆலிஸின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் துணியின் நீர்காப்புப் பூச்சு கெட்டுவிட்டது, அதன் நாற்றமும் லேசில் போகாது. சட்டத்தின் ரிவெட்டுகளை ஆட்டிப் பாருங்கள். மோலியின் சட்டத்தில் பட்டை கோக்கும் துளைகளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள், அடுத்து உடையப்போவது அங்கேதான். இரண்டையும் மழைக்கு நம்பக்கூடாது. உள்ளே தடித்த பிளாஸ்டிக் உறை போட்டே அடுக்க வேண்டும்.

ஓரிரவுக்கு ஆலிஸ், மூன்று நாளுக்கு மேல் மோலி. ஆலிஸை விட மனமில்லாதவர்கள் அதன் சட்டத்தில் மோலியின் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொள்வதும் உண்டு. செலவுக்குத் தகுந்த நல்ல ஏற்பாடு அது.