சிப்பாய் படம் போட்ட ரோமானியக் காசுத் தொகுப்பு: காசு அருமை, விற்ற ஆள்தான் சரியில்லை

ஐந்து ரோமானிய வெண்கலக் காசுகள், எல்லாவற்றிலும் போர்வீரர்கள் என்று விளம்பரம் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன்.

மூன்று காசுகள் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் குடும்பத்து 'குளோரியா எக்ஸெர்சிட்டுஸ்' வகை, அதாவது 'படையின் புகழ்'. பூப் பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள், ஆளுக்கொரு ஈட்டி, தரையில் ஊன்றிய கேடயம், நடுவில் படைக்கொடிக் கம்பம். மொத்த அகலமே 17 மி.மீ. இருக்கும், ஆனால் லென்ஸ் வைத்தால் ஒருவனுடைய இடுப்புக்குக் கீழே தொங்கும் தோல் பட்டைகள்கூடத் தெரிகின்றன. கி.பி. 330 வாக்கில் இந்தக் காசு வந்தபோது நடுவில் இரண்டு கம்பம், 335 வாக்கில் எடையைக் குறைத்தபோது கம்பமும் ஒன்றாகிவிட்டது. எனக்கு இரண்டு வகையும் கிடைத்தன, தராசில் வைத்தால் முதலாவது 2.4 கிராம், அடுத்தது 1.5 கிராம்கூட இல்லை. காசை இளைக்க வைத்தவர்கள் 'புகழ்' என்ற எழுத்தை மட்டும் விடவில்லை பாருங்கள்!

நான்காவது, 348-இல் தொடங்கிய 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ'. குதிரையோடு சரிகிற எதிரியைச் சிப்பாய் ஈட்டியால் குத்த, அந்த எதிரி திரும்பிப் பார்த்துக் கையை நீட்டுகிறான். சுற்றியுள்ள எழுத்து நல்ல காலம் திரும்பிவிட்டது என்கிறது. யாருக்கோ.

சரி, குறைக்கு வருவோம். விற்ற ஆள் ஐந்துக்கும் கொடுத்தது ஒரே வரி விவரம்தான், எந்த அரசர், எந்த ஊரில் அடித்தது, எதுவும் இல்லை. காசின் அடியிலேயே ஊர்க்குறி இருக்கிறது, ஒன்றில் 'எஸ்ஐஎஸ்' என்று பளிச்சென்று தெரிகிறது, சிஸ்கியாவில் அடித்தது, இன்றைய குரோஷியாவில் இருக்கும் ஊர். அதைப் படிக்கக்கூட ஆளுக்கு நேரமில்லை. அப்புறம் காசுகளின் மேல் இருந்த அந்த மணல் நிறப் பூச்சு. படத்தில் எழுத்தெல்லாம் எடுப்பாகத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான், பஞ்சை நனைத்துத் துடைத்ததும் கரைந்து வந்துவிட்டது. பல நூற்றாண்டுக் களிம்பு இப்படியா கரையும்?

ஐந்தாவது காசுதான் மோசம். வெளிர்பச்சைப் பொடி, குண்டூசி பட்டால் உதிர்கிறது. இது குளோரைடு அரிப்பு, ஈரம் பட்டால் காசையே தின்றுவிடும், அதனால் சிலிக்கா ஜெல் போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். கேட்டதற்கு "அது இயற்கையான பழமை" என்று பதில், பணமும் திரும்பவில்லை.

இந்த வகைக் காசுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன, விலையும் தங்கம், வெள்ளி மாதிரி பயமுறுத்தாது, தாராளமாக வாங்கலாம். ஆனால் தொகுப்பாக வேண்டாம், இரு பக்கப் படமும் எடையும் போட்டு விற்பவரிடம் ஒவ்வொன்றாக வாங்குங்கள். நான் கொடுப்பது மூன்று நட்சத்திரம், மூன்றும் காசுகளுக்கு மட்டும்.