கோஷிஹிகாரி, கால்ரோஸ், வியட்நாம் 'ஜப்பான் அரிசி': தோட்டப்புற வீட்டுக்கு எது தோது?

ரவாங் பக்கம் போகிறவர்களிடம் "வரும்போது ஒரு பை ஜப்பான் அரிசி வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிடும் வழக்கம் நம் சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை வீடுகளுக்கும் வந்துவிட்டது. (பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றியும் நம் வாயில் பழைய பெயர்தான்.) பசார் மாலாமில் சூஷி விற்கிறார்கள், ஃபேமிலிமார்ட்டில் ஒனிகிரி என்ற முக்கோணச் சோற்று உருண்டை கிடைக்கிறது. அதையே வீட்டில் செய்து தரச் சொல்லிப் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆனால் 'ஜப்பான் அரிசி' என்று சொல்லிவிட்டால் வந்து சேருவது மூன்று விதமான அரிசிகளில் ஏதோ ஒன்று. மூன்றும் ஒரே அரிசி இல்லை, விலையும் ஒன்றில்லை.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழம்பு, சம்பால், பொரியலோடு சாப்பிடும் வீட்டுக்கு வியட்நாமில் விளைந்த ஜப்பான் ரகம் போதும். சூஷிக்கு மட்டும் என்றால் கால்ரோஸ். ஜப்பானிலேயே விளைந்த கோஷிஹிகாரி நல்ல அரிசிதான், ஆனால் அதன் மேல் மீன் குழம்பை ஊற்றினால் கொடுத்த காசு குழம்போடு போய்விடும்.

கோஷிஹிகாரி 1956-ல் பதிவான ரகம். இன்றும் ஜப்பானில் மிக அதிகமாகப் பயிராவது அதுதான். நீகாத்தா மாநிலத்தின் உவோனுமா பகுதியில் விளைவதற்குத் தனி மதிப்பு. சமைத்ததும் சோறு பளபளக்கும், லேசாக இனிக்கும், பருக்கை உடையாமல் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். இதன் பெரிய பலம் ஆறிய பிறகுதான் தெரியும். காலையில் பிடித்த உருண்டை பள்ளியில் ஓய்வு நேரம் வரை மிருதுவாகவே இருக்கும்; மற்ற இரண்டும் அதற்குள் கொஞ்சம் விறைத்துவிடும். இதற்குக் காரணம் அமிலோஸ் என்ற மாவுச்சத்து குறைவாக இருப்பது. கோஷிஹிகாரியில் அது ஏறக்குறைய 17 விழுக்காடு, உதிரியாக வரும் நம் அரிசிகளில் அதைவிடக் கூடுதல். அமிலோஸ் குறைந்த சோறு பொதுவாகச் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றும். வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர்கள் இருந்தால் அவர்கள் தட்டில் அளவைக் குறைத்தே வையுங்கள்.

விலைதான் இடிக்கிறது. உள்நாட்டு வெள்ளை அரிசி 10 கிலோ 26 வெள்ளி என்ற கட்டுப்பாட்டு விலைக்குப் பழகிய கண்ணுக்கு மூன்றுமே அதிகம்தான். அதிலும் ஜப்பானில் விளைந்தது வியட்நாம் பையைவிடக் கிலோவுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு வரும். ஜப்பானிலேயே நிலைமை சரியில்லாமல் போனது. 2023 கோடை வெப்பம் விளைச்சலைக் கெடுத்தது, 2024 ஆகஸ்டில் நிலநடுக்க எச்சரிக்கை வந்ததும் மக்கள் அரிசியை வாங்கிக் குவித்தார்கள். 2025 மே மாதம் பேரங்காடிகளில் 5 கிலோவின் சராசரி விலை 4,000 யென்னுக்கு மேலேயே இருந்தது. முந்தைய ஆண்டைப் போல இரு மடங்கு. அரசு கையிருப்பைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. அந்த நேரத்தில் "நான் அரிசி வாங்கியதே இல்லை, ஆதரவாளர்கள் கொடுத்துவிடுகிறார்கள்" என்ற கருத்தில் பேசிய விவசாய அமைச்சர் பதவியையே விட்டுப் போனார்.

கால்ரோஸ் கலிபோர்னியாவில் 1948-ல் வெளிவந்தது. இது நடுத்தர நீள அரிசி, பருக்கை சற்றே பெரிது, ஒட்டும் குணமும் மணமும் குறைவு. வெறும் சோறாகச் சாப்பிட்டால் 'என்னவோ ஒன்று இல்லையே' என்று தோன்றும். காடியும் சீனியும் உப்பும் கலந்து சூஷிக்குப் பிசையும்போது அதே குறை நன்மையாகிவிடுகிறது. பருக்கை குழையாமல் காடியை இழுத்துக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் விளைவதும் இதே பெயரில் வருகிறது. எனக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

வியட்நாம் அரிசியைப் பற்றி நம் ஊரில் ஒரு இளக்காரம் உண்டு, 'டூப்ளிகேட்' என்பார்கள். அது நியாயமில்லை. மீக்கோங் கழிமுகத்தில், குறிப்பாக ஆன் சியாங் பகுதியில், ஜப்பான் ரகங்களைப் பல காலமாகவே பயிரிடுகிறார்கள். பையில் பெரிதாக 'பெராஸ் ஜெப்புன்' என்று இருக்கும். கீழே சின்ன எழுத்தில் 'நெகாரா ஆசால்' என்ற வரியைப் பார்த்தால்தான் நாடு தெரியும். ஒட்டும் குணத்தில் இது கால்ரோஸைத் தாண்டிவிடும், இனிப்பில் கோஷிஹிகாரியைத் தொடாது. இதன் குறை வேறு: பைக்குப் பை மாறும். ஆகவே பையின் கண்ணாடிப் பகுதி வழியாக அரிசியைப் பாருங்கள். நொய் அதிகம் இருந்தாலோ பருக்கையில் சுண்ணாம்பு போல வெள்ளைத் திட்டுகள் தெரிந்தாலோ வேண்டாம். அந்த நொய்தான் சோற்றைப் பசையாக்கும்.

புலுட் என்ற ஒட்டரிசியைக் கலந்து சமாளிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன். புலுட்டில் அமிலோஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. சாதாரண அரிசியோடு போட்டால் ஒன்று குழையும், மற்றது விறைத்து நிற்கும். செகிஞ்சான் வயல்கள் நமக்குப் பக்கம்தான், ஆனால் அங்கே விளைவதும் இந்த வகை இல்லை. வேடிக்கை என்னவென்றால், நாம் தினமும் வடிக்கும் பொன்னிக்குள்ளேயே இந்த வம்சம் கொஞ்சம் இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தைவானில் உருவான தாய்ச்சுங் 65 என்ற ஜப்பான் வகை நெல்லையும், மாயாங் எபோஸ் 80 என்ற மலாயா நெல்லையும் சேர்த்துப் பிறந்தது மஹ்சூரி. 1965-ல் இங்கே வெளியானது. 1986-ல் தமிழ்நாட்டில் வந்த வெள்ளைப் பொன்னியும் அதே கலப்பு வழிதான்.

சரி, சமையல். எந்தப் பை வாங்கினீர்கள் என்பதைவிட இங்கேதான் சோறு கெடுகிறது, ஏனென்றால் நம் கை வடித்துப் பழகிய கை. இந்த அரிசியில் வடிக்கும் கஞ்சியே இருக்கக்கூடாது; ஊற்றிய நீர் முழுவதும் பருக்கைக்குள் போக வேண்டும். முதல் நீரை ஊற்றியதும் ஒரு சுழற்று சுழற்றி உடனே கொட்டிவிடுங்கள், காய்ந்த அரிசி அந்தத் தவிட்டு வாடையை வேகமாக உறிஞ்சும். பிறகு விரல்களால் மெதுவாக அலசி மூன்று நான்கு முறை நீர் மாற்றினால் போதும். அழுத்தித் தேய்த்தால் உடையும். அப்புறம் 30 நிமிடம் ஊறவேண்டும். ஊறிய பருக்கை கண்ணாடித் தன்மை போய் வெள்ளையாகத் தெரியும். நம் வெயிலுக்கு வெளியே மணிக்கணக்கில் ஊறவிட வேண்டாம். நேரமாகும் என்றால் ஐஸ்பெட்டியில் வையுங்கள்.

அளவு: ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி, அதில் 150 கிராம் அரிசி பிடிக்கும். ஒரு கப் அரிசிக்கு 200 முதல் 215 மில்லி நீர். பொன்னிக்கு ஊற்றும் கணக்கில் இதற்கு ஊற்றினால் கூழ்தான். கால்ரோஸுக்கு மேல் அளவு, புதிதாக அறுவடையான அரிசிக்குக் கீழ் அளவு. பொத்தான் மேலே ஏறியதும் மூடியைத் திறக்காமல் 10, 15 நிமிடம் விட்டு, நனைத்த அகப்பையால் அடியிலிருந்து கிளறி ஆவியை வெளியேற்றுங்கள்.

இதற்கென்று விலை உயர்ந்த குக்கர் தேவையா? தேவையில்லை. தோஷிபா 1955-ல் முதல் தானியங்கிக் குக்கரை விற்றபோது இருந்த அடிப்படைதான் இன்றைய ஒற்றைப் பொத்தான் குக்கரிலும்: நீர் வற்றி, அடி 100 டிகிரியைத் தாண்டியதும் சூடு நின்றுவிடும். விலை உயர்ந்தவை ஊறும் நேரத்தையும் தாங்களே கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன, அதனால்தான் ஒரு மணி நேரம் போல இழுக்கின்றன. அரிசியை நாமே ஊறவைத்துவிட்டால் மலிவுக் குக்கரே நன்றாகச் செய்யும். கேஸ் அடுப்பில் அடிகனமான சட்டியும் சரிதான்: கொதி வரும்வரை நடுத்தரத் தீ, பிறகு மூடியபடியே சிறு தீயில் 10, 12 நிமிடம், அணைத்து 10 நிமிடம். விசில் குக்கர் இதற்கு ஆகாது என்பது என் கட்சி. பழைய ஜப்பான் பொருள் விற்கும் கடையில் குக்கர் கண்ணில் பட்டால் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் சுவரில் 230.

வாங்கும்போது சின்னப் பையாகவே வாங்குங்கள். 10 கிலோ எடுத்தால் மலிவு என்ற கணக்கு பொன்னிக்குச் சரி, இதற்கு இல்லை. தீட்டிய பிறகு ஓரிரு மாதத்தில் மணம் இறங்கிவிடும், இந்தப் புழுக்கத்தில் வண்டும் சேரும். ஜப்பானிலிருந்து வரும் பைகளில் தீட்டிய காலம் அச்சிட்டிருக்கும். இணையத்தில் வாங்குவதானால் பையில் அந்த அச்சு உள்ள இடத்தின் படத்தைக் கேளுங்கள். சின்னப் பொட்டலமாகப் பிரித்து மாற்றி விற்பவர்களிடம் அதைக் காட்டச் சொன்னால் பதில் வராது, அப்படியே விட்டுவிடலாம். வீட்டுக்கு வந்ததும் காய்ந்த போத்தல்களில் அடைத்து ஐஸ்பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள்.

மிஞ்சிய சோற்றை மட்டும் ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், கல்லாகிவிடும். சூடு இருக்கும்போதே ஒரு வேளை அளவாகப் பொதிந்து உறையும் தட்டில் வைத்து, வேண்டும்போது மைக்ரோவேவில் சுடவையுங்கள். இதில் நீர் ஊற்றிப் பழைய சோறு போட நினைக்க வேண்டாம், கொழகொழவென்று போய்விடும். அதற்குப் பொன்னியையே வடியுங்கள்.