கோடியக்கரை: காட்டுக்கு ஆகும் செலவும் காருக்கு ஆகும் செலவும்

வேதாரண்யம் பக்கத்திலுள்ள கோடியக்கரை வன உயிரினச் சரணாலயத்துக்குள் நுழைய ஆகும் செலவு சொற்பம். அங்கே போய்ச் சேர ஆகும் செலவுதான் கையைக் கடிக்கும். சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு ஊர் வரும் நம்மவர்கள் பலர் இதைத் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார்கள். நுழைவுச்சீட்டு எவ்வளவு, கேமராவுக்குத் தனிச் சீட்டா என்று விழுந்து விழுந்து விசாரிப்பார்கள். அப்புறம் மாமா பையன் ஏற்பாடு செய்த காரில் ஏறி, ஆயிரக்கணக்கில் விட்டுவிட்டு, மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் ஒரு மானைத் தூரத்தில் பார்த்துவிட்டு வந்து, "அங்க ஒண்ணும் இல்லப்பா" என்பார்கள்.

மன்னார்குடியில் சித்தப்பா வீட்டிலிருந்து நானும் மனைவியும் மகளும் கிளம்பியது மார்கழியில். யாரையும் தொந்தரவு செய்யாமல் நாங்களாகப் போய்வர வேண்டும் என்பதுதான் திட்டம். சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "வெளிநாட்டுலேர்ந்து வந்துட்டு பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போறேங்கிறியே, பாக்கிறவன் என்னப்பா சொல்லுவான்?" என்றார். பார்க்கிறவன் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் அதே பஸ்ஸில்தான் வந்தான்.

முதலில் கார் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் கரைவது அங்கேதான். எங்களிடம் கேட்ட விலை கிலோமீட்டருக்கு 14 ரூபாய். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை ஏறக்குறைய 75 கிலோமீட்டர், போய்வர 150. பெருக்கினால் 2,100 என்று மனசு குளிர்ந்துவிடும். ஆனால் வெளியூர் வாடகை என்றால் நாளொன்றுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் ஓடியதாகத்தான் கணக்கு. ஆக 3,500. டிரைவர் பேட்டா 500. ஒரு ராத்திரி தங்கினால் மறுநாளுக்கும் அதே 250, அதே பேட்டா. ஆக மொத்தம் எட்டாயிரம் ரூபாய். அதில் பாதி நேரம் கார் லாட்ஜ் வாசலில் சும்மா நிற்கும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, அந்தத் தொழிலின் வழக்கம் அது. தெரிந்து ஏறினால் சரி. தங்கப் போவதில்லை என்று முடிவு செய்தால் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். எந்த விருந்தாளிக் குடும்பமும் நாலு மணிக்குக் கிளம்பியதாகச் சரித்திரம் இல்லை.

நாங்கள் போனது இப்படி. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு பஸ். அங்கிருந்து அகஸ்தியம்பள்ளி போகும் ரயில். மீட்டர் கேஜ் காலத்தில் இந்தத் தடத்தில் ரயில் ஓடியதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அகலப்பாதை வேலைக்காகப் பல வருஷம் மூடிக் கிடந்து, 2023 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தது. மொத்தம் 37 கிலோமீட்டர். ஒரு நாளில் ஓடும் ரயில்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் என்பதால், நேரத்தை முதலில் பார்த்துக்கொண்டு அதற்கேற்ப பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கட்டணம் இரண்டு டீ விலைக்குள் அடங்கிவிட்டது. வண்டியில் கூட்டமில்லை, ஜன்னலோரம் கிடைத்தது, கழிப்பறை சுமாருக்கும் கீழே. வேதாரண்யம் நெருங்க நெருங்க வயல் குறைந்து, மண் வெளுத்து, உப்பளம் கண்ணில் படத் தொடங்குகிறது. கடைமடை என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான் என்று மகளிடம் காட்டினேன். காவிரித் தண்ணீர் வந்து சேரும் கடைசி இடம் எப்படியிருக்கும் என்பதை மேட்டூர்க் கணக்கைப் படித்தால் தெரியாது, இந்த ரயிலில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

தங்கும் விஷயத்தில்தான் கொஞ்சம் அலைச்சல். கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. அதற்கு நாகப்பட்டினத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். நாங்கள் வேதாரண்யத்தில் லாட்ஜ் எடுத்தோம். முதல் லாட்ஜில் அறை காலியாக இருந்தது, வாடகையும் பேசி முடித்தாயிற்று. அடையாளத்துக்குச் சிங்கப்பூர் பாஸ்போர்ட்டை நீட்டியதும் கவுண்டரில் இருந்தவர் முகம் மாறிவிட்டது. "இது வேணாம் சார், ஆதார் இருந்தா குடுங்க." ஆதார் இல்லை. "அப்ப ரூம் இல்ல சார்."

கோபித்துக்கொண்டு பயனில்லை, காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் அரசுக்கு அனுப்பியாக வேண்டும், சி படிவம் என்று சொல்வது இதைத்தான். வருஷத்துக்கு நாலு வெளிநாட்டுக்காரர்கூட வராத லாட்ஜில் அதற்கான பதிவே வைத்திருக்க மாட்டார்கள். நாம் தமிழில் பேசுவதோ, தாத்தா பக்கத்து ஊர்க்காரர் என்பதோ அந்தப் படிவத்துக்குத் தெரியாது. ஆகவே போனில் அறை கேட்கும்போதே "வெளிநாட்டு பாஸ்போர்ட், சி பாரம் போடுவீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டாவது லாட்ஜில் போட்டார்கள். பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இரண்டின் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஏசி அறை 1,400 ரூபாய், கூடுதல் படுக்கைக்கு 200. விரிப்பு சுத்தம். வெந்நீர் காலை ஆறு மணிக்கு மேல்தான் என்றார்கள், நாங்களோ ஐந்தரைக்கே வெளியே போகிறவர்கள். கேட்டதும் ஒரு பையன் வாளியில் கொண்டுவந்து வைத்தான். வேதாரண்யத்தில் இடமே கிடைக்கவில்லை என்றால் வேளாங்கண்ணி இருக்கிறது. அங்கே வெளிநாட்டுப் பாஸ்போர்ட் பார்த்துப் பழகியவர்கள், அறைகளும் ஏராளம். என்ன, காலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் பயணம்.

அந்த ஓ.சி.ஐ. அட்டை பற்றி ஒரு வார்த்தை. தேசியப் பூங்கா, சரணாலயம், தொல்லியல் சின்னம், அருங்காட்சியகம் இவற்றின் நுழைவுக் கட்டணத்தில் ஓ.சி.ஐ. அட்டைக்காரருக்கும் இந்தியருக்கும் ஒரே கட்டணம் என்பது மத்திய அரசின் விதி. அட்டை கையில் இருந்தால்தான் அது செல்லும். போனில் படம் காட்டினால் வாசலில் இருப்பவரைச் சங்கடப்படுத்துகிறோம் என்று அர்த்தம். நான் அட்டையையே நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளூர்க் கட்டணத்தையே வாங்கிக்கொண்டு, "எந்த ஊரு உங்களுக்கு?" என்று கேட்டார். மன்னார்குடி என்றேன். அதற்குமேல் விசாரணை இல்லை.

பணம் கொடுப்பது இப்போது பெரிய பாடு இல்லை. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஈ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர் கைப்பேசி எண்ணை வைத்தே யு.பி.ஐ. பயன்படுத்த 2023இல் வழி திறந்துவிட்டார்கள். டீக்கடை, மீன் சாப்பாட்டுக் கடை, ஆட்டோ எல்லாவற்றுக்கும் அதுவே போதுமாக இருந்தது. காட்டுப் பக்கம் சிக்னல் வந்து வந்து போகும், அதற்கு நூறும் ஐம்பதுமாகக் கொஞ்சம் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை பதினோரு கிலோமீட்டர் சொச்சம். டவுன் பஸ் இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் மனைவிக்கும் மகளுக்கும் பூஜ்ஜிய ரூபாய் டிக்கெட். மகள் அதைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டாள், என் டிக்கெட்டைக் காட்டிச் சிரித்தாள். ஆனால் பஸ் மாலையில் ஒரு தடவை சும்மா போய்ப் பார்த்துவர மட்டும்தான் சரிப்பட்டது. விடியலில் காட்டு வாசலில் நிற்க ஆட்டோதான் வழி. காலையில் கூட்டிப்போய், காத்திருந்து, திரும்ப லாட்ஜில் விட 900 ரூபாய் என்று முதல் நாள் ராத்திரியே பேசிக்கொண்டோம். வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூணிலும் நிறுத்தினார். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு எடுத்த இடம். காசு கேட்காத இடம், ஐந்து நிமிஷம்தான் ஆகும், நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி, நான் தாராளமாகச் செலவு செய்யச் சொல்லும் ஒரே இடம்: உள்ளூர் வழிகாட்டி. எங்களோடு வந்தவர் கோடியக்காட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். 500 ரூபாய் கேட்டார். அவர் இல்லாமல் போயிருந்தால் எங்களுக்கு அது வெறும் புதர்க்காடு. மணல் பாதையில் குனிந்து இரண்டு தடங்களைக் காட்டினார். ஒன்று முழு வட்டமாக, முன்பக்கம் கொஞ்சம் ஆழமாக, குதிரை. பக்கத்திலேயே நடுவில் பிளந்த சின்னத் தடம், மான். "ரெண்டும் ஒரே பள்ளத்துத் தண்ணிக்குத்தான் போகுது பாருங்க" என்றார். அந்தக் குதிரைகள் வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டிலேயே திரிபவை. குட்டையாக, மயிர் சடைபிடித்து, நம்மை ஒரு பொருட்டாக மதிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளிப் புல்வெளியில் வெளிமான்கள். பெட்டைகள் மண் நிறம். நடுவே ஒரு கலைமான், முதுகு கரேலென்று, வயிறு சுண்ணாம்பு வெள்ளை, திருகிய கொம்பு. தலையை நிமிர்த்தி எங்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. மகள் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைக்கும்வரை அசையாமல் நின்றது, வைத்ததும் ஓடிவிட்டது. 1967இல் இந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்ததற்கு முக்கியக் காரணமே இந்த மான்தான்.

பாலை மரங்களைக் காட்டி, கஜாவில் எத்தனை சாய்ந்தன என்று சொல்லிக்கொண்டே வந்தார். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் கரையேறியது இந்த வட்டாரத்தில்தான். விழுந்த இடங்களில் சீமைக்கருவேலம் முந்திக்கொண்டு தலைதூக்குவதையும் அவர்தான் காட்டினார். அறிவிப்புப் பலகைகள் சில இருக்கின்றன. பாதியில் எழுத்து உதிர்ந்துவிட்டது. இராமர் பாதம் மேட்டில் ஏறினால் காடு முழுக்கத் தெரிகிறது. காட்டிலேயே உயரமான இடம் அதுதான் என்றாலும் மூச்சு வாங்காது.

பறவைக்கு சதுப்பு பக்கம் போக வேண்டும். பூநாரைகள் நீண்ட வரிசையாக, தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, அலகால் சேற்று நீரை அலசிக்கொண்டிருந்தன. தூரம் அதிகம், பைனாகுலர் இல்லாமல் வெள்ளையாக ஒரு கோடுதான் தெரியும். பைனாகுலர் அங்கே வாடகைக்குக் கிடைக்காது, சிங்கப்பூரிலிருந்தே கொண்டுபோங்கள். ஒன்பது மணிக்குமேல் கானல் எழும்பி அந்தக் கோடும் ஆடத் தொடங்கிவிடுகிறது. ஆகவே முதல் நாள் ராத்திரி வேதாரண்யத்தில் தங்க ஆகும் ஆயிரத்துச் சொச்சம்தான் இந்தப் பயணத்தின் உண்மையான நுழைவுக் கட்டணம். அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று மன்னார்குடியிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினால் கானலைத்தான் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போய்ப் பழகிய கண்ணுக்குச் சில குறைகள் உறுத்தும். அங்கே நுழைவு இலவசம், பலகைப் பாதை, மறைவிடக் கூண்டு, குடிதண்ணீர்க் குழாய், பளபளக்கும் கழிப்பறை எல்லாம் உண்டு. இங்கே பெண்களுக்குக் கழிப்பறை பெரும்பாடு. லாட்ஜிலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. டீக்கடை காட்டுக்குள் கிடையாது, தண்ணீர் நாமே கொண்டுபோக வேண்டும். ஆனால் சுங்கை பூலோவில் வெளிமானும் கிடையாது, காட்டுக் குதிரையும் கிடையாது. இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே நடப்பவரோடு போகாதீர்கள், என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

கணக்கை மொத்தமாகச் சொன்னால்: மூன்று பேருக்குப் பஸ், ரயில் எல்லாம் போக வர 300 ரூபாய்க்குள், லாட்ஜ் 1,600, ஆட்டோ 900, வழிகாட்டி கேட்டது 500, கொடுத்தது 700, சாப்பாடு, டீ, இளநீர் 1,200. நுழைவு, கேமரா எல்லாம் சேர்த்தும் ஐயாயிரத்தைத் தாண்டவில்லை. கார் வாடகைக்கு மட்டும் எட்டாயிரம் கேட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். வயதானவர்கள் கூட வந்தால் கார்தான் சரி, அதில் வாதமில்லை. அப்போதும் திருத்துறைப்பூண்டியிலோ வேதாரண்யத்திலோ உள்ளூர் வண்டியை அரை நாளுக்குப் பேசினால் அந்த 250 கிலோமீட்டர் கணக்கிலிருந்து தப்பலாம்.

கையில் இன்னொரு நாள் இருந்தால் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002இல் சேர்ந்த 38,500 ஹெக்டேரில் கோடியக்கரையும் முத்துப்பேட்டையும் ஒன்றாகவே வருகின்றன. அங்கே செலவு படகுக்கு. ஆள் கணக்கில்லை, படகுக் கணக்கு. ஆகவே மூன்று பேராகப் போவதைவிட இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் பாதியாகிவிடும். எங்களுக்கு அந்தத் தடவை கூட்டுச் சேர ஆளில்லாததால் விட்டுவிட்டோம்.

மாலையில் நேரம் இருந்தது, வேதாரண்யேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். வேதாரண்யம் விளக்கழகு என்று சும்மா சொல்லவில்லை. போகும் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டுக்கும் கடலாட வரும் கூட்டத்தில் லாட்ஜும் கிடைக்காது, ஆட்டோவும் பேசிய விலைக்கு வராது. கார்த்திகை முடிந்து மழை ஓய்ந்ததும் போவது நல்லது. பொங்கலுக்கு நாலு நாள் முன்பே திரும்பிவிடுங்கள், அதற்குமேல் பஸ்ஸில் நிற்கக்கூட இடமிருக்காது.