தனி சிம்மா, இலவச இணைய எண்ணா?

பார்க்கும் செயலிக்கெல்லாம் சொந்த எண்ணைத் தர மனமில்லையா? இரண்டு வழிகள் உண்டு: தனியாக ஒரு சிம், அல்லது ஓடிபி வாங்கித் தரும் இலவச இணைய எண்.

இலவச எண்ணுக்குச் செலவில்லை, ஆதாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அதற்கு வரும் குறுஞ்செய்தி ஒரு பொது இணையப் பக்கத்தில் தெரியும்; அந்தப் பக்கத்தைத் திறக்கும் யாரும் அதைப் படிக்கலாம். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று ஒருவர் அழுத்தினால் போதும், உங்கள் கணக்கு அவர் கைக்குப் போகலாம். பல தளங்கள் இந்த எண்களை ஏற்பதும் இல்லை.

சிம் உங்கள் பெயரில் இருக்கும். ரீசார்ஜ் செலவு உண்டு. இந்தியாவில் ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு போகலாம். பிறகு அந்த எண் வேறொருவருக்குக் கிடைக்கும். அந்தத் தொல்லை இருந்தாலும் சரி, நான் சிம்மைத்தான் சொல்வேன். பெரும்பாலான போன்களில் இரண்டு சிம்முக்கு இடம் இருக்கிறதே! வங்கிக்குக் கொடுத்த எண்ணை மட்டும் எந்தச் செயலிக்கும் தராதீர்கள்.