எட்டு வருட டி அண்ட் டி: ட்ரோல், ராட்சசன், பெனங்கலான்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பர் ஒருவரின் அடுக்குமாடி வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் ஐந்து பேர் கூடி டி அண்ட் டி ஆடுகிறோம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பதன் சுருக்கம்; பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் ஆட்டம். எட்டு வருடம் தாண்டிவிட்டது. நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தி மிருகங்களை ஆட்டுவிப்பவன். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் தொடங்கினோம். இப்போது 2025இல் வந்த புதிய மான்ஸ்டர் மேனுவலும் (மிருகங்களின் விவரப் புத்தகம்) மேசையில் இருக்கிறது. புத்தகம் ஆங்கிலம், ஆட்டம் தமிழ்.

எனக்கு மிகவும் பிடித்தது ட்ரோல் என்னும் பூதம். பழைய புத்தகத்தில் அதற்கு 84 ஹெச்பி, அதாவது உயிர்ப்புள்ளி. அதன் முறை வரும்போதெல்லாம் 10 ஹெச்பி திரும்ப ஏறிவிடும். நெருப்போ அமிலமோ பட்டிருந்தால் மட்டும் அடுத்த முறை ஏறாது. முதல் தடவை இது யாருக்கும் தெரியாது. மூன்று சுற்று வெட்டிக் களைத்த பிறகு, எங்களில் இளையவன் கேட்டான்: "அண்ணே, காயம் மூடிக்கிட்டே வருதுன்னு சொல்றீங்களே, பந்தத்த வெச்சு சுட்டா?" அத்தனை பேரும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே இந்த ஆட்டத்தை ஆடலாம். ஆனால் ரகசியம் ஒரு முறைதான் வேலை செய்யும். அடுத்த கதையில் நெருப்பை எடுத்துவிட்டு உப்பை வைத்தேன். ஊர்க் கிழவி ஒருத்தி தினமும் வாசலில் உப்பு தூவுவதைக் கவனித்தவர்கள் பிழைத்தார்கள்.

சேலஞ்ச் ரேட்டிங்கை நம்பி நிறைய ஏமாந்திருக்கிறேன். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு எந்த லெவலில் எது சமாளிக்கக் கூடியது என்று சொல்லும் எண் அது. தனியாக நிற்கும் ஒரு பெரிய மிருகத்துக்கு ஒரு சுற்றில் ஒரு முறை, எதிரே நான்கு பேருக்கு நான்கு முறை. இரண்டு சுற்றில் கதை முடிந்துவிடும். வெறும் 7 ஹெச்பி உள்ள கோப்ளின் என்னும் குட்டிப் பூதங்கள் எட்டு, அடித்துவிட்டு ஒளிந்து, ஒளிந்துவிட்டு அடித்து, மூன்றாம் லெவல் குழுவைக் கிட்டத்தட்ட அழித்தே விட்டன. இப்போதெல்லாம் எத்தனை பேர், எத்தனை முறை என்றுதான் முதலில் எண்ணுகிறேன்.

ராட்சசன் விஷயத்தில்தான் எங்கள் மேசை புத்தகத்தோடு சண்டை போட்டது. புலித்தலை, பின்னோக்கித் திரும்பிய உள்ளங்கை, நரகத்திலிருந்து வந்த கொடியவன் என்று எழுதியிருக்கிறார்கள். "விபீஷணனும் அரக்கன்தானே? ராவணன் சிவபக்தன் இல்லையா? ஒரு குலமே எப்படி கெட்டதாக இருக்கும்?" என்று எங்கள் குழுவின் அக்கா கேட்டார். என்னிடம் பதில் இல்லை. புத்தகத்தில் போட்டிருக்கும் குணத்தை டிஎம் மாற்றலாம் என்று அதே புத்தகம்தான் சொல்கிறது. மாற்றினேன். அண்ணனைப் பிரிந்து வந்த ஒரு ராட்சசன் ஏழு மாதம் எங்களோடு பயணம் செய்தான். எங்கள் கதைகளிலேயே அதுதான் சிறந்தது.

ஆனால் அவனுடைய விதிகள் அருமை. 2014 புத்தகத்தில் ஆறாம் லெவல் வரையான மந்திரம் எதுவும் அவன் விரும்பாமல் அவனைத் தொடாது. மந்திரவாதியாக ஆடுபவருக்குக் கோபம் வரும், ஆனால் உடனே வேறு வழி யோசிப்பார். 1977 மான்ஸ்டர் மேனுவலில் ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால் ராட்சசன் செத்துவிடுவான். புதிய புத்தகத்தில் பிளெஸ் என்னும் ஆசீர்வாத மந்திரத்தின் கீழ் இருப்பவர் குத்தும் ஆயுதத்தால் தாக்கினால் இரட்டிப்புச் சேதம். பிளெஸ் வெறும் முதல் லெவல் மந்திரம். பெரிய மந்திரங்கள் தோற்கும் இடத்தில் சின்ன ஆசீர்வாதம் ஜெயிப்பது நம் கதைகளின் நியாயம் மாதிரியே இருக்கிறது.

எனக்குப் பிடிக்காத விதி லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ். பெரிய மிருகங்கள் பலவற்றுக்கு, தோற்ற சேவிங் த்ரோவை (மந்திரம் போன்றவற்றிலிருந்து தப்பப் போடும் பகடை) ஒரு நாளில் மூன்று தடவை ஜெயித்ததாக மாற்றிக்கொள்ளலாம். இருபது நிமிடம் காத்திருந்து மந்திரம் போட்டவரிடம் "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்ல எனக்கு மனசே வராது. எங்கள் மேசையில் டிராகன் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஏதாவது இழக்க வேண்டும்: ஒரு சிறகு கிழியும், இல்லை கண் ஒன்று மங்கும்.

அப்புறம் பெனங்கலான். இந்த மலாய்ப் பேய் 1981இல் டி அண்ட் டியின் ஃபீண்ட் ஃபோலியோ புத்தகத்திலேயே வந்துவிட்டது. எனக்கு அந்தப் புத்தகத்தைப் பார்க்கும் முன்பே தெரியும். பாட்டி கெடாவில் எஸ்டேட்டில் இருந்தவர். பக்கத்துக் கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) பிள்ளை பிறந்தால் மலாய்க்காரர்கள் மெங்குவாங் என்னும் முள்தாழையை வீட்டைச் சுற்றிக் கட்டுவார்களாம். குடல் தொங்கத் தலை மட்டும் பறந்து வரும்போது முள்ளில் சிக்கிக்கொள்ளும். திரும்பிப் போய் வினிகரில் குடலை ஊறவைத்தால்தான் உடலுக்குள் நுழைய முடியும். நான் ஹெச்பியைக் குறைத்து, முள்ளையும் வினிகர் வாடையையும் மட்டும் விதியாக வைத்தேன். மருத்துவச்சி வீட்டில் வினிகர் வாடை அடிக்கிறது என்று சொன்னபோது ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து, கீழே கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, அந்த மருத்துவச்சி ஊறுகாயே போடலயே?"