டெலி மானஸ் 14416: செட்டிநாட்டுக்கு எவ்வளவு உதவும்?

டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவைக்கு ஒரே மதிப்பெண் போடுவது நியாயமில்லை. பேச ஆள் கிடைப்பதற்கு ஐந்துக்கு நான்கு. அதற்கு அடுத்த படிக்கு, அதிலும் காரைக்குடியைத் தாண்டிய ஊர்களுக்கு, இரண்டரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

எண் 14416, பிடிக்காவிட்டால் 1800 891 4416. கட்டணம் இல்லை, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். முதலில் பேசுபவர் ஆலோசகர், டாக்டர் இல்லை. அவரிடம் மாத்திரை கேட்பது வீண். காதுகொடுத்துக் கேட்பது, பிரச்சினை எவ்வளவு தீவிரம் என்று கணிப்பது, தேவைப்பட்டால் மேலே அனுப்புவது: இவ்வளவுதான் அவர் வேலை. தூக்கம் கெட்டது, பதற்றம், துக்கம் தாங்கவில்லை என்பவர்களில் பலருக்கு இதுவே போதும். உயிரை மாய்த்துக்கொள்ளும் முயற்சி நடந்துவிட்டால் மட்டும் இந்த எண்ணில் நேரம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள்.

அழைக்கும் முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போதிருந்து, எத்தனை மணி நேரத் தூக்கம், சர்க்கரை, பிரஷர், தைராய்டுக்குச் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர். தைராய்டுக் கோளாறே மனச்சோர்வு போலத் தெரிவதுண்டு. காது மந்தமான ஆச்சிக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது, ஆனால் பேச்சை அவரே பறித்துக்கொள்ளக் கூடாது. இடமும் முக்கியம். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், நின்று பேசினால் பின்னால் உள்ள இரண்டாங்கட்டு வரை கேட்கும். மருமகளைப் பற்றியோ கடனைப் பற்றியோ யாரும் வாய் திறக்கமாட்டார்கள். மாடியோ தோட்டமோ மேல். சிங்கப்பூரிலிருந்து மகன் கூப்பிட்டுக் கொடுப்பார் என்று காத்திருக்க வேண்டாம், இது இந்தியாவுக்குள் பயன்படுத்தவேண்டிய எண். உள்ளூர்ப் போனிலிருந்தே அழையுங்கள்.

சிக்கல் இரண்டாம் கட்டத்தில். அங்கே மனநல மருத்துவர், மாவட்ட மனநலத் திட்டம், அரசு மருத்துவக் கல்லூரி என்று பாதை போகிறது. செட்டிநாடோ இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. கானாடுகாத்தானும் தேவகோட்டையும் சிவகங்கை. ராயவரமும் கடியாபட்டியும் புதுக்கோட்டை. ‘காரைக்குடிப் பக்கம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் தவறான மாவட்டத்துக்குக் கைகாட்டப்படலாம். தாலுகாவையும் மாவட்டத்தையும் தெளிவாகச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் போனாலும் வயதானவருக்கு ஒருநாள் பொழுது பஸ்ஸிலும் வரிசையிலும் கழிந்துவிடும். மாதாமாதம் மருந்து வாங்கவேண்டிய நோயில் பலர் பாதியில் நிறுத்துவது இதனால்தான். மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும், பழி மருந்தின் மேல் விழும்.

வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் வசதியை 2024 அக்டோபரில் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்த இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. நல்ல காரியம். ஆனாலும் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ விதிகள்படி, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம் போன்ற, போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ள மாத்திரைகளைத் திரையில் பார்த்து எழுதித்தர முடியாது. அந்தத் தடை சரியானதே. தூக்க மாத்திரைக்குப் பழகிவிட்டவர்கள் நேரில்தான் போகவேண்டும். அதைத் திடீரென விடுவதும் ஆபத்து, டாக்டர் சொல்படி சிறிது சிறிதாகத்தான் குறைக்கவேண்டும்.

இனி பணம். பெருந்தொற்று எல்லா வயதினரின் மனநலத்தையும் மோசமாக்கிவிட்டது என்று சொல்லித்தான் 2022 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் இந்தச் சேவையை அறிவித்தார்கள்; அந்த அக்டோபர் 10 அன்று சேவை தொடங்கியது. 2023-24 பட்ஜெட்டில் 133.73 கோடி ரூபாய்; 2024-25ல் 90 கோடி. பெங்களூரிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமையில் நாடெங்கும் இயங்கும் மையங்களுக்கு இது தாராளம் அல்ல. அதைவிட உறுத்துவது ஆராய்ச்சிப் பக்கம். வயதுவந்தோரில் 10.6 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு என்று எல்லோரும் எடுத்துக்காட்டும் கணக்கு, 12 மாநிலங்களில் 2015-16ல் எடுத்த தேசிய ஆய்விலிருந்து வந்தது. கொரோனா அதற்குப் பிறகுதான். பிள்ளைகள் வெளிநாட்டில், ஊரடங்கில் பெரிய வீட்டுக்குள் தனியாக அடைபட்ட முதியவர்கள்: இப்படிப்பட்ட வட்டாரத்தின் நிலவரம் மாநில அளவுச் சராசரியில் தெரியவே தெரியாது. அழைப்புகளை மட்டும் எண்ணினாலும் தெரியாது, ஏனென்றால் கூப்பிடாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்கும் ஆய்வுக்கும், அதே ஆட்களைச் சில ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்பதற்கும் தனியாக நிதி ஒதுக்கவேண்டும். அந்தக் கணக்கு கையில் இருந்தால்தான் மருத்துவர் வந்துபோகும் முகாமை கானாடுகாத்தானில் போடுவதா, ராயவரத்தில் போடுவதா என்று முடிவுசெய்ய முடியும்.